அடகு போன தீவுகளும் ஊரார் கோயிலும்

ஆண்டு மலர் என்றாலே திருக்குறள், சங்க இலக்கியம், சோழர் காலக் கோயில்கள் என்று எழுதுவதுதான் நம் சங்கத்தின் வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலர்க்குழு நண்பர்கள் இந்தத் தடவை, "சார், உங்களுக்குப் பிடித்த எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்" என்று கதவைத் திறந்து விட்டார்கள். அதனால் வாசகர்களைக் கொஞ்சம் வடக்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். நம்ம டெல்லி, சண்டிகர் வடக்கு இல்லை. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, கடலுக்குள் கிடக்கும் ஆர்க்னி தீவுகள்.

நான் சரித்திரப் பேராசிரியன் அல்லன். கணக்குத் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும், "இதற்குக் காசு யார் கொடுத்தது? பட்டா யார் பேரில் இருக்கிறது?" என்றுதான் புத்தி போகும். ஆர்க்னியின் வரலாற்றில் இந்த இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் கிடைக்கிறது. அதுதான் என்னை இழுத்தது.

தீவுகளும் மக்களும்

ஆர்க்னி என்பது சுமார் எழுபது தீவுகளின் கூட்டம். அவற்றில் இருபது வரையிலான தீவுகளில்தான் ஆள் நடமாட்டம். மொத்த ஜனத்தொகை 22,000 அளவில். நம் ஊரில் ஒரு பெரிய குடியிருப்பு வளாகமே அவ்வளவு இருக்கும். மரங்கள் மிகக் குறைவு. காற்று அதிகம். குளிர்காலத்தில் சூரியன் ஆறு மணி நேரம் தலைகாட்டினால் பெரிய விஷயம்.

நார்வேக்காரர்கள் வருவதற்கு முன் இங்கே இருந்தவர்கள் பிக்டியர் என்ற இனத்தார். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் நார்வேயிலிருந்து கப்பல் கப்பலாக வைக்கிங்குகள் வந்து குடியேறினார்கள். வைக்கிங் என்றதும் கொள்ளைக்காரர்கள் என்று மட்டும் நினைக்கக்கூடாது. இவர்கள் விவசாயிகளும்கூட. பார்லி பயிரிட்டார்கள், மாடு வளர்த்தார்கள், மீன் பிடித்தார்கள். தங்கள் மொழியையும் கொண்டு வந்தார்கள். பின்னாளில் 'நார்ன்' என்று பெயர் பெற்றது அந்த மொழிதான். இன்றைக்கும் அங்கே ஊர்ப் பெயர்கள் ரொனால்ட்சே, எகில்சே, ஸ்ட்ரான்சே என்று 'ஏ' ஓசையில் முடியும். பழைய நார்வே மொழியில் 'ஏ' என்றால் தீவு. தலைநகர் கிர்க்வாலின் பழைய பெயர் 'கிர்க்யுவாகர்'. 'கோயில் விரிகுடா' என்று பொருள்.

தீவுகளை ஆண்டவர்களுக்கு 'எர்ல்' என்று பட்டம். நம் வழக்கில் குறுநில மன்னர் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே நார்வே அரசர், கீழே எர்ல். ஒரே சமயத்தில் இரண்டு பேர், மூன்று பேர் கூட்டாக ஆள்வதும் உண்டு. பங்காளிகள் கூட்டாக ஆண்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?

பங்காளிச் சண்டையும் ஒரு புனிதரும்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாக்கன், மேக்னஸ் என்று இருவர் கூட்டாக எர்ல்களாக இருந்தார்கள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். சுமார் 1200ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட 'ஆர்க்னியிங்கா சாகா' என்ற நூலில் இவர்கள் கதை விரிவாக இருக்கிறது. சாகா என்பது நம் கதைப்பாடல் மாதிரி, ஆனால் உரைநடையில். பக்தியும் கற்பனையும் கலந்திருக்கும். அப்படியே சரித்திரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சாகா சொல்வது இது. பகை முற்றியபோது எகில்சே தீவில் சந்தித்துச் சமாதானம் பேசலாம், ஆளுக்கு இரண்டு கப்பல் மட்டும் கொண்டு வருவது என்று ஒப்பந்தம். மேக்னஸ் இரண்டு கப்பலுடன் வந்தார். ஹாக்கன் எட்டுக் கப்பலுடன் வந்தார். பிடிபட்ட மேக்னஸ் மூன்று யோசனை சொன்னாராம். "புனித யாத்திரை போய்விடுகிறேன், திரும்ப வரமாட்டேன்." வேண்டாமா? "ஸ்காட்லாந்தில் சிறை வையுங்கள்." அதுவும் வேண்டாமா? "கண்ணைப் பிடுங்கி இருட்டறையில் போடுங்கள், அண்ணன் தம்பியைக் கொன்ற பாவம் உனக்கு வேண்டாம்." மூன்றாவதற்கு ஹாக்கன் சம்மதித்தும் சுற்றியிருந்த தலைவர்கள் விடவில்லை. இருவரில் ஒருவர்தான் மிஞ்ச வேண்டும் என்றார்கள். கொடி பிடிக்கிறவன் வெட்ட மறுத்துவிட்டான். கடைசியில் சமையல்காரன் லிஃபோல்ஃபை வரச் சொன்னார்கள். அவன் அழுதுகொண்டே கோடரியை வாங்கினான். "திருடனைப் போலக் கழுத்தில் வெட்டாதே, தலையில் வெட்டு" என்று மேக்னஸ் சொன்னதாகச் சாகா கூறுகிறது. இது நடந்தது ஏப்ரல் 16. ஆண்டு 1117 என்பர், 1116 என்பாரும் உண்டு.

மேக்னஸின் உடலை பர்சே என்ற இடத்தில் புதைத்தார்கள். அங்கே நோயாளிகள் வந்து வேண்டிக்கொண்டு குணமானதாகப் பேச்சுப் பரவியது. ஆயர் வில்லியம் நெடுங்காலம் இதை நம்பவில்லை, பேசவும் விடவில்லை. எர்ல் பதவியோ ஹாக்கனின் மகன் கையில். கொன்றவரின் பிள்ளை ஆளும்போது கொல்லப்பட்டவரைப் புனிதர் என்று சொன்னால் சும்மா விடுவார்களா? ஆனால் கடைசியில் ஆயரும் மனம் மாறினார். 1130களில் மேக்னஸ் புனிதராக ஏற்கப்பட்டார். அந்தக் காலத்தில் உள்ளூர் ஆயரே இதைச் செய்யும் வழக்கம் இருந்தது.

கோயிலுக்குக் காசு வந்த வழி

இந்தச் சமயத்தில்தான் நார்வேயில் வளர்ந்த இளைஞர் ஒருவர் களத்தில் இறங்குகிறார். பெயர் காலி, மேக்னஸின் சகோதரி மகன். மாமன் பங்கு எனக்கு வரவேண்டும் என்று உரிமை கேட்டார். நார்வே அரசர் 'ரோக்ன்வால்ட்' என்ற பட்டப்பெயரோடு எர்ல் பதவியும் கொடுத்தார். ஆனால் காகிதத்தில் பதவி வந்தால் போதுமா? முதல் படையெடுப்பு தோற்றது. அப்போது அவருடைய தகப்பனார் கோல் ஒரு யோசனை சொன்னார்: "உன் மாமன் மேக்னஸிடம் வேண்டிக்கொள். ஜெயித்தால் கிர்க்வாலில் அவர் பெயரில், அந்த நாட்டில் வேறெங்கும் இல்லாத பெரிய கற்கோயில் கட்டுவதாக நேர்ந்துகொள்." நேர்த்திக்கடன் என்பது நமக்குப் புதிய விஷயம் இல்லையே. ரோக்ன்வால்ட் வென்றார். 1137இல் வேலை தொடங்கியது. மேற்பார்வை அப்பா கோல்.

சில ஆண்டுகளில் பணம் தட்டுப்பட்டது. இந்த இடத்தில்தான் என்னைப் போன்ற கணக்கர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

அந்தத் தீவுகளில் 'ஊடல்' என்று ஒரு நிலவுரிமை. நம் காதில் விழுகிற மாதிரி காதல் சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிலம் அரசருடையது, உழுகிறவன் அவருக்கு அடிமைப்பட்டவன் என்பது ஐரோப்பாவின் பல பகுதிகளில் இருந்த முறை. ஊடல் முறையில் நிலம் குடும்பத்தின் சொந்தம், தலைமுறை தலைமுறையாக. அதற்குப் பத்திரம்கூடத் தேவையில்லை. ஆனால் பழைய எர்ல்கள், தீவுவாசிகள் சார்பில் ஒரு அபராதம் கட்டியதைக் காரணமாகச் சொல்லி, இந்த உரிமை எங்களுடையது என்று பிடித்துவைத்திருந்தார்கள். தகப்பன் இறந்து மகன் நிலத்துக்கு வரும்போதெல்லாம் எர்லிடம் அதை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாதம். குடியானவர்களுக்கு அது பெரிய பாரம்.

கோலின் யோசனைப்படி ரோக்ன்வால்ட் சபையைக் கூட்டிச் சொன்னார்: ஏர் நிலம் ஒன்றுக்கு ஒரு மார்க் வீதம் இப்போது கட்டுங்கள், இனி எந்தத் தலைமுறையும் மீட்டுக்கொள்ள வேண்டியதில்லை, நிலம் என்றைக்கும் உங்களுடையது. மார்க் என்பது எட்டு அவுன்ஸ் வெள்ளி எடை. குடியானவர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். அதன்பிறகு கோயில் வேலைக்குப் பணமுடை இல்லை என்று சாகா முடிக்கிறது.

கவனியுங்கள், இது நன்கொடை வசூல் அல்ல, புது வரியும் அல்ல. தலைமுறைதோறும் வரக்கூடிய ஒரு வருமானத்தை ஒரே தவணையில் விற்றுக் காசாக்குவது. எர்லுக்குக் கோயில் கிடைத்தது, குடியானவனுக்கு நிலம் நிலைத்தது. ஆக அந்தக் கோயிலின் ஒவ்வொரு கல்லிலும் உழவன் காசு இருக்கிறது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு இல்லை, கணக்கு.

சிவப்பும் மஞ்சளுமான மணற்கல்லில், சுமார் 69 மீட்டர் நீளத்தில் அந்தப் பேராலயம் எழுந்தது. பருத்த வட்டத் தூண்கள், அரைவட்ட வளைவுகள். இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தின் சாயல் இருப்பதால் அங்கு வேலை பார்த்த சிற்பிகளோ, அவர்களிடம் தொழில் கற்றவர்களோ இங்கே வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. மேக்னஸின் எலும்புகளை இங்கே கொண்டு வந்து வைத்தார்கள். ரோக்ன்வால்ட் தாமே 1151 முதல் 1153 வரை ஜெருசலேம் வரை கப்பலில் யாத்திரை போய் வந்தார். 1158இல் கொல்லப்பட்டார். பின்னர் அவரும் புனிதரானார்.

ஒரு பேராயரின் கடல் எல்லை

1150களின் தொடக்கத்தில் நார்வேயின் நீடரோஸ் (இன்றைய ட்ரோன்ட்ஹைம்) பேராயர் தலைமையகமானது. அதன்கீழ் கடல் கடந்த ஆறு மறைமாவட்டங்கள்: ஐஸ்லாந்தில் இரண்டு, கிரீன்லாந்து, பெரோ தீவுகள், ஆர்க்னி, ஹெப்ரிடீஸும் மான் தீவும் சேர்ந்து ஒன்று. வரைபடத்தில் பாருங்கள், வடக்கு அட்லாண்டிக் முழுவதையும் கோத்த ஒரு சரம். ஆர்க்னிக்காரருக்கு அப்போது தலைநகர் லண்டனும் அல்ல, எடின்பரோவும் அல்ல, நார்வேதான்.

இந்த ஆறில் கிரீன்லாந்தின் கார்டார் கோயிலுக்கு இன்று அடித்தளக் கற்கள்தான் மிச்சம். பெரோவின் கிர்க்யுபோரில் 1300ஐ ஒட்டித் தொடங்கிய பேராலயம் கூரையில்லாமல் நிற்கிறது. ஐஸ்லாந்தின் இரண்டு இடங்களிலும் இருப்பவை பிற்காலக் கட்டடங்கள். மான் தீவின் பீல் ஊரில் இடிபாடு. முழு உருவில், வழிபாடு நடக்கும் நிலையில் நிற்கும் இடைக்காலக் கட்டடம் கிர்க்வாலில்தான்.

1263இல் நார்வே அரசர் நான்காம் ஹாக்கன் ஸ்காட்லாந்தின்மேல் படையெடுத்து, லார்க்ஸ் என்ற இடத்தில் காரியம் கைகூடாமல், குளிர்காலத்துக்குக் கிர்க்வால் வந்து ஆயர் மாளிகையில் படுத்தார். நோய் முற்றியது. படுக்கையில் லத்தீன் நூல்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். பொருள் புரிந்துகொள்வதே சிரமமாகப் போக, தம் தாய்மொழியில் உள்ள புனிதர் கதைகளையும் முன்னோர் கதைகளையும் இரவும் பகலும் வாசிக்கச் சொன்னார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. அரசராகவே இருந்தாலும் கடைசி நேரத்தில் காது தேடுவது அம்மா பேசிய பாஷையைத்தான். அந்த டிசம்பரில் காலமானார். வசந்தகாலத்தில் கடல் திறக்கும்வரை உடல் இந்தப் பேராலயத்தில் இருந்தது, பிறகு பெர்கனுக்குக் கொண்டு போனார்கள். 1266இல் ஹெப்ரிடீஸும் மானும் ஸ்காட்லாந்துக்குப் போயின. ஆர்க்னியும் ஷெட்லாந்தும் நார்வேயிடம் தங்கின.

கல்யாணத்துக்காக அடகு

தங்கியவை 1468இல் அடகுக்குப் போயின. ஆமாம், நகைக்கடையில் வளையல் வைப்பது மாதிரியே. அப்போது டென்மார்க்கும் நார்வேயும் ஒரே அரசர்கீழ், முதலாம் கிறிஸ்டியன். அவர் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கொடுக்கப் பேச்சு. வரதட்சணை 60,000 ரைன் ஃப்ளோரின். மாப்பிள்ளை வீட்டாரிடம் 10,000 ரொக்கமாகத் தருவதாகவும், மீதி 50,000க்கு ஆர்க்னியை அடகாக வைப்பதாகவும் ஒப்பந்தம். சொன்ன ரொக்கமும் புரளவில்லை. 2,000தான் கொடுக்க முடிந்தது. பாக்கி 8,000க்கு 1469இல் ஷெட்லாந்தும் அடகு. ஆக 60,000இல் 58,000க்குத் தீவுகள். பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று வயது. தீவுவாசிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடகுதான், விற்பனை அல்ல. பணம் கொடுத்தால் மீட்கலாம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் டென்மார்க் அரசர்கள் பலமுறை மீட்கக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார்கள். 1472இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தீவுகளைத் தன் அரசோடு சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு மறைமாவட்டமும் நீடரோஸிலிருந்து பிரிந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர்கீழ் போனது.

பட்டா ஊரார் பேரில்

இனி என் இரண்டாவது கேள்வி. 1486இல் மூன்றாம் ஜேம்ஸ் கிர்க்வாலை அரச நகரமாக்கிச் சாசனம் தந்தார். அதில் பேராலயத்தையும் நகர மக்களுக்கே கொடுத்துவிட்டார். ஆயருக்கு அல்ல, திருச்சபைக்கு அல்ல, மக்களுக்கு. இன்றைக்கும் அதன் சொந்தக்காரர்கள் கிர்க்வால் மக்கள்தான். அவர்கள் சார்பில் ஆர்க்னி தீவுகள் கவுன்சில் பராமரிக்கிறது. வழிபாடு நடத்தும் சபை அங்கே ஒரு வகையில் குடியிருப்பவர் மாதிரி.

இதனால் என்ன லாபம்? 1560இல் ஸ்காட்லாந்தில் மதச் சீர்திருத்தம் வந்தபோது எத்தனையோ பேராலயங்கள் கேட்பாரற்றுச் சிதைந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமே இன்று இடிபாடு. கிர்க்வாலில் பலிபீடங்களும் அலங்காரங்களும் போயின, ஆனால் கட்டடம் ஊராரின் பங்குக் கோயிலாக நின்றது. 1614இல் ஒரு கலகத்தில் கலகக்காரர்கள் கோபுரத்தில் ஏறிக்கொண்டார்கள். அடக்க வந்த கேத்னஸ் எர்ல், பேராலயத்தையே இடித்துவிடலாம் என்று பார்த்தார். ஆயர் ஜேம்ஸ் லா குறுக்கே நின்று தடுத்தார். 1671இல் மின்னல் விழுந்து மரக்கோபுரம் எரிந்தது. மீண்டும் கட்டினார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய திருப்பணி நடந்தது. அப்போது, 1919இல், ஒரு தூணுக்குள்ளே மறைத்து வைத்த மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே எலும்புக்கூடு. மண்டையோட்டில் வெட்டுக் காயம். எண்ணூறு ஆண்டுக்கு முன் சமையல்காரன் ஓங்கிய கோடரிக் கதையோடு அது பொருந்தியது. எதிர்த் தூணில் முன்பே கிடைத்த எலும்புகள் ரோக்ன்வால்டுடையவை என்பது பொதுவான கருத்து. மாமனும் மருமகனும் எதிரெதிர்த் தூண்களில் மறுபடியும் வைக்கப்பட்டார்கள்.

கோயில் நின்றது, மொழி நிற்கவில்லை

இவ்வளவு காத்தவர்கள் ஒன்றைக் காக்கவில்லை. நார்ன் மொழி போய்விட்டது. அடகு வைத்ததால்தான் போனது என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. 1231 முதலே எர்ல்கள் ஸ்காட்லாந்துக் குடும்பத்தார். குருமார்களும் தெற்கிலிருந்து வந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, அதாவது அடகுக்கு முன்பே, பத்திரங்கள் ஸ்காட்ஸ் மொழிக்கு மாறத் தொடங்கிவிட்டன. முதலில் பத்திரத்தில் போனது, பிறகு சந்தையில் போனது, கடைசியில் அடுப்படியில் போனது. ஆர்க்னியில் பதினெட்டாம் நூற்றாண்டோடும், ஷெட்லாந்தில் 1850ஐ ஒட்டியும் கடைசிப் பேச்சாளர்கள் மறைந்தார்கள்.

பக்கத்துப் பெரோ தீவுகளைப் பாருங்கள். அங்கும் கோயிலில் டேனிஷ், பள்ளியில் டேனிஷ், கோர்ட்டில் டேனிஷ். பெரோ மொழிக்கு 1846 வரை ஒழுங்கான எழுத்துமுறைகூட இல்லை. ஆனால் நீண்ட குளிர்கால இரவுகளில் வீட்டுக்கு வீடு கைகோத்து வட்டமாக ஆடிப் பாடும் கதைப்பாடல்களை அவர்கள் விடவில்லை. நூற்றுக்கணக்கான அடிகள், எல்லாம் மனப்பாடம். 1948இல் தன்னாட்சி வந்தபோது பெரோ மொழி முதன்மை மொழியாயிற்று. அவர்களிடம் கூரையுள்ள பேராலயம் இல்லை, மொழி இருக்கிறது. ஆர்க்னியில் கோயில் இருக்கிறது, மொழி ஊர்ப் பெயர்களிலும் வட்டாரப் பேச்சில் சில சொற்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆர்க்னிக்காரர்கள் பழசை மறந்துவிட்டார்கள் என்று இல்லை. கடற்கரை ஓரம் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தால் ஊடல் உரிமை இன்றைக்கும் கோர்ட்டில் எழுகிறது. 2017இல் மேக்னஸ் மறைந்த 900ஆம் ஆண்டைக் கொண்டாடினார்கள். 2023இல் அவர்கள் கவுன்சில், வேறு ஆட்சி ஏற்பாடுகளை ஆராயலாம், நார்வே தொடர்பையும் பார்க்கலாம் என்று பேசியபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ஆனால் அந்தப் பேச்சும் ஆங்கிலத்தில்தான் நடந்தது.

நம் சங்கத்திலும் கட்டட நிதி, கோயில் திருப்பணி என்று வந்தால் தாராளமாகக் கொடுக்கிறோம். பத்திரத்தைச் சங்கத்தின் பேரில் சரியாகப் பதிவு செய்வதிலும் கவனமாக இருக்கிறோம். அது இருக்க வேண்டியதுதான். கிர்க்வால் அதைத்தான் காட்டுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வீட்டில் அவர்களோடு இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசினால் நாம் ஆர்க்னி வழியில் போகிறோம். சமையலறையில், சாப்பாட்டு நேரத்தில், தாத்தா பாட்டி சொல்லும் கதையில் தமிழ் நடமாடினால் பெரோ வழி. இதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை, செயற்குழுத் தீர்மானமும் தேவையில்லை. இன்று இரவு சாப்பிட உட்காரும்போதே தொடங்கலாம்.